வீட்டுக் கடனைச் சீக்கிரம் முடிக்க: எங்கள் செலவு நோட்டிலிருந்து

வடசென்னையில், காலடிப்பேட்டையில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டுக்கு 20 லட்சம் கடன், 20 வருடத் தவணை. முதல் மூன்று வருடம் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. 5-ஆம் தேதி கணக்கில் பணம் இருந்ததா, பிடித்துக்கொண்டார்களா, சரி, அடுத்த மாதம் பார்க்கலாம். அவ்வளவுதான். ஒருநாள் என் கணவர், அவருடைய ஆபீஸில் கேட்டார்கள் என்று வங்கியிலிருந்து கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்கி வந்தார். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். மூன்று வருடத்தில் நாங்கள் கட்டியது ஆறேகால் லட்சம். கடன் குறைந்திருந்தது 1 லட்சத்து 30 ஆயிரம்.

மீதியெல்லாம் வட்டி. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அந்த நோட்டில் செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பெரிய சம்பளக்காரர்களுக்கு இது தேவைப்படாது.

படி 1: உங்கள் கடனின் முகத்தைப் பாருங்கள்

ஸ்டேட்மென்டில் நான்கு விஷயம் போதும்: மீதி அசல், வட்டி விகிதம், மீதி மாதங்கள், வட்டி மாறும் வட்டியா நிலையான வட்டியா. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

எங்கள் கணக்கையே சொல்கிறேன். வட்டி ஏறும், இறங்கும். புரிவதற்காக 8.5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 20 லட்சத்துக்கு மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் மாதம் அதில் வட்டிக்குப் போவது 14,167. அசலில் கழிவது வெறும் 3,189. மூன்று வருடம் கழித்து மீதி அசல் 18 லட்சத்து 70 ஆயிரம், மீதித் தவணை 204 மாதம்.

இந்த இடத்திலிருந்து மாதம் 3,000 ரூபாய் கூடுதலாக அசலில் கட்டினால் 204 மாதம் 149 ஆகிவிடுகிறது. நாலரை வருடத்துக்கு மேல் மிச்சம். வட்டியில் சுமார் 5 லட்சம் மிச்சம். ஏன் இவ்வளவு என்றால், ஒவ்வொரு மாதமும் வட்டி போடுவது மீதி அசலுக்குத்தான். இன்றைக்கு அசலில் 3,000 குறைத்தால், கடன் முடியும் வரை அந்த 3,000-க்கு வட்டி கிடையாது.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டி என்றால் மட்டும் முதலில் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: அவசரப்படாதீர்கள், வேறு கடன் இருக்கிறதா?

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள். வருடத்துக்கு 36 சதவீதம், அதற்கு மேலும் வட்டி போடுகிற பாக்கியை வைத்துக்கொண்டு 8.5 சதவீதக் கடனை விரட்டுவது வீண் வேலை. தனிநபர் கடன், கந்து வட்டி, அடகுக் கடையில் இருக்கும் வளையல் எல்லாம் இதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன.

அடுத்தது கைக்காவல். குறைந்தது மூன்று மாதத் தவணையும் மூன்று மாத வீட்டுச் செலவும் தனியாக இருக்க வேண்டும். அசலில் கட்டிய பணத்தை வங்கி சுலபமாகத் திருப்பித் தராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, தரைத்தளத்தில் பல வீடுகளில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் போனது. கையில் காசில்லாதவர்கள் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார்கள். வடசென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலம் என்பதும் ஒரு செலவுதான்.

வருமான வரி பற்றி ஒரு வார்த்தை. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய வரிமுறையில் அது கிடையாது. “வரி மிச்சமாகிறது, எதற்குக் கடனை அடைக்க வேண்டும்” என்று ஆபீஸில் யாராவது சொன்னால், நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

படி 3: ஒரு மாதம் எதையும் குறைக்காமல் எழுதுங்கள்

இதில்தான் பலர் தோற்கிறார்கள். முதல் நாளே சிக்கனம் பிடித்தால் உண்மையான செலவு தெரியாது. ஒரு மாதம் வழக்கம்போலச் செலவழியுங்கள். ஆனால் டீக்கடை 12 ரூபாய் வரை எழுதுங்கள். போனில் ஸ்கேன் செய்து கட்டுவது எல்லாம் வங்கிச் செய்தியில் இருக்கும், இரவு உட்கார்ந்து பார்த்து எழுதலாம்.

மாதாமாதம் வராத செலவுகளை மறக்க வேண்டாம். இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, அப்புறம் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, வண்டி இன்சூரன்ஸ், மொய். எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்து மாதச் செலவில் சேருங்கள். எங்கள் வீட்டில் மொய் மட்டும் மாதம் 700 ரூபாய் வந்தது. வைகாசி, ஆவணி மாதங்களில் பத்திரிகை வைக்க யார் வந்தாலும் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

படி 4: எங்கே வெட்டுவது

மொத்தமாகப் பத்து சதவீதம் குறை என்றால் எதுவும் குறையாது. நான்கைந்து இடத்தில் மட்டும் கை வையுங்கள். எங்கள் வீட்டில் அகப்பட்டவை இவை.

மீன். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போவது எங்கள் வீட்டுச் சடங்கு. ஒருநாள் சங்கராவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கூடைக்காரம்மா சிரித்துவிட்டார். “இன்னா கண்ணு, ஞாயித்துக்கெயம வந்து வெலய கொறன்னா எப்பிடி? செவ்வாக்கெயம வா, நீ கேக்குற வெலைக்கு நானே தரேன்.” உண்மைதான். செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் கவுச்சி கிடையாது. அதே மீன், கூட்டம் இல்லை, விலையும் இறங்கியிருக்கும். இப்போது செவ்வாய் காலையில் வாங்கிச் சுத்தம் செய்து ஃபிரீசரில் வைத்து, புதன்கிழமை குழம்பு. செவ்வாயன்று சமைக்க அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கலாம், சமைக்கக் கூடாது என்று சமாதானம் ஆனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பெரிய போட்டுகள் போகாது, விலை ஏறும். அப்போது கருவாடும் முட்டையும்தான். மாதம் 400 ரூபாய் மிச்சம்.

மளிகை. பருப்பு, புளி, மிளகாய், தனியா எல்லாம் பாரிமுனையில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மொத்தமாக வாங்குகிறோம். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் பாதிப் பாதி. புதுப்புளியும் புதுமிளகாயும் வரும் மாசி, பங்குனியில் வாங்கி, வெயிலில் காயவைத்து ஜாடியில் அடைத்துவிட்டால் வருடம் தாங்கும். சோப்பு, பிஸ்கட் மாதிரிச் சாமான்களுக்கு அங்கே போக வேண்டாம், பஸ் டிக்கெட்டுக்குக்கூடக் கட்டுப்படியாகாது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அட்டை இருந்தும் கௌரவம் பார்த்து வாங்காமல் இருந்தோம். அந்தக் கௌரவத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டிருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். இதில் 600.

கரண்ட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை, அதற்கு அடுத்த படியின் விலையில் பாதிதான். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும். ஒரு கோடையில் எங்களுக்கு 512 யூனிட் வந்தது. அந்த 12 யூனிட்டால் 200 ரூபாய்க்கு மேல் கூடுதல். இப்போது ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து, ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து எழுதுவது பையன் வேலை. 400-ஐத் தொட்டால் ஏ.சி. 26-க்குக் கீழே போகாது. மாதத்துக்கு 100 ரூபாய்தான், ஆனால் சும்மா கிடைக்கிற 100.

பெட்ரோல். அவருக்கு சென்ட்ரல் பக்கத்தில் வேலை. பைக்கில் போய்வந்தார். இப்போது திருவொற்றியூர் ஸ்டேஷனில் மின்சார ரயில், மாதாந்திர சீசன் டிக்கெட். மெட்ரோவும் இருக்கிறது, 2021-லிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது, சொகுசுதான். ஆனால் தினமும் போனால் கட்டணத்தைப் பார்த்துத் தலை சுற்றும். மழை நாளிலும் வண்டி தாமதமாகும் நாளிலும் பைக்கை எடுக்கிறார், எடுக்கட்டும். எல்லாம் போக 800 மிச்சம். நான் சாதாரணக் கட்டண பஸ்ஸில் போகிறேன், பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

வெளிச் சாப்பாடு. போனில் ஆர்டர் செய்வதை நிறுத்தினோம். கடையில் 220 ரூபாய் பிரியாணி, வீட்டு வாசலுக்கு வரும்போது 310 ஆகிவிடுகிறது. சாப்பிட வேண்டுமென்றால் நடந்து போய் வாங்கு என்பது வீட்டுச் சட்டம். பாதி நாள் சோம்பலில் தோசை ஊற்றிவிடுகிறோம். ஆனால் சனிக்கிழமை மாலை அத்தோவை (பர்மா நூடுல்ஸ்) மட்டும் தொடவில்லை. தட்டில் சூடாகக் கலந்து, மொறுமொறு பேஜோ வடையை நொறுக்கிப் போட்டுத் தரும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதையும் வெட்டினால் இரண்டே மாதத்தில் நோட்டு பரணுக்குப் போய்விடும். இதில் 1,100.

கூட்டினால் 3,000.

வெட்டக் கூடாதவையும் உண்டு. பால், பழம், மருத்துவக் காப்பீடு. அத்தையின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்தவில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு, அதே மருந்தை மக்கள் மருந்தகத்தில் வாங்குகிறோம். 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்களும் திறந்திருக்கிறார்கள்.

படி 5: மிச்சத்தை அன்றைக்கே நகர்த்துங்கள்

முதல் இரண்டு மாதம் சிக்கனமாகத்தான் இருந்தோம். மாதக் கடைசியில் பார்த்தால் கணக்கில் ஒன்றும் இல்லை. மீனில் மிச்சம் பிடித்தது எம்.சி. ரோட்டில் சுடிதாராகப் போயிருந்தது. செலவைக் குறைப்பது ஒரு வேலை, குறைத்ததைக் கடனில் சேர்ப்பது இன்னொரு வேலை. முதலாவதை மட்டும் செய்தால் பணம் வேறு வழியில் கசிந்துவிடும்.

ஆகவே சம்பளம் வந்த மறுநாளே 3,000 ரூபாயைத் தனிக் கணக்குக்கு மாற்றுகிறோம். அதற்கு ஏ.டி.எம். கார்டு கிடையாது, போனிலும் இணைக்கவில்லை. மீதியில்தான் மாதத்தை ஓட்ட வேண்டும். உங்கள் வங்கி ஆன்லைனில் சிறு தொகையை அசலில் கட்ட விட்டால் நேரே அங்கேயே கட்டிவிடுங்கள். சில வங்கிகள் குறைந்தபட்சத் தொகை வைத்திருப்பார்கள், அப்படியானால் சேர்த்துக் கட்டுங்கள்.

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். ஆறு மாதம் சேர்த்து 18,000 ரூபாயைக் கடன் கணக்கில் போட்டேன். அடுத்த மாதம் தவணை பிடிக்கவில்லை. அட, நல்லதாகப் போச்சே என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அதை முன்பணத் தவணையாக வரவு வைத்திருக்கிறார்கள். அசலில் கூடுதலாக ஒரு பைசா கழியவில்லை. கிளைக்கு மூன்று தடவை நடந்து சரிசெய்தேன். நீங்கள் பணம் கட்டும்போதே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நான் எழுதியது இப்படி:

“இத்துடன் செலுத்தும் தொகையை முன்பணத் தவணையாகக் கொள்ளாமல் அசலில் கழிக்கவும். மாதத் தவணைத் தொகையை மாற்ற வேண்டாம். கடன் காலத்தைக் குறைக்கவும். திருத்திய தவணை அட்டவணையைத் தரவும்.”

நடுவில் உள்ள இரண்டு வாக்கியம் முக்கியம். தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்டால் எல்லாருக்கும் தவணையைக் குறைக்கத்தான் ஆசை வரும். வட்டி அதிகம் மிச்சமாவது காலத்தைக் குறைத்தால்தான். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் மீதி அசல் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 6: வட்டி இறங்கினால் தவணையை இறக்காதீர்கள்

2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 6.5 சதவீதத்திலிருந்து 5.5-க்கு வந்தது. ரெப்போவோடு இணைந்த கடனுக்கு வட்டியும் இறங்கும். பழைய தவணையையே கட்டினால் கடன் தானாகச் சீக்கிரம் முடியும். உங்கள் கடன் 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய பழைய முறைக் கடன் என்றால், ரெப்போ முறைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சிறு கட்டணம் இருக்கும், கணக்குப் போட்டுப் பார்த்து மாறுங்கள். வட்டி ஏறும்போதோ பல வங்கிகள் சத்தமில்லாமல் காலத்தை நீட்டிவிடும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை நமக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எழுதிக் கேளுங்கள்.

போனஸ் வந்தால் பாதி கடனுக்கு, பாதி வீட்டுக்கு. முழுதும் கடனுக்கு என்று ஒரு தீபாவளி செய்தோம். வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

படி 7: முடிந்த பிறகு

நாங்கள் இன்னும் இங்கே வரவில்லை. மாடி வீட்டு அண்ணன் போன வருடம் முடித்தார், அவரோடு கூடவே அலைந்ததில் தெரிந்துகொண்டது இது. கடைசித் தவணை கட்டியதும் கடன் இல்லை என்ற சான்றும், அசல் பத்திரங்களும் வாங்க வேண்டும். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. கடன் வாங்கும்போது வங்கியில் கொடுத்த பத்திரங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தாய்ப் பத்திரம் வரை பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு வேலை பாக்கி இருக்கும். கடன் வாங்கும்போது பத்திரத்தை ஒப்படைத்ததற்காக எம்.ஓ.டி. (பத்திர ஒப்படைப்பு ஆவணம்) பதிவு செய்திருப்பார்கள். அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தை வங்கி அதிகாரி வந்து சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து தர வேண்டும். பத்து நாள் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அண்ணனுக்கு முதல் தடவை போட்டபோது பழைய அடமானம் அப்படியே நின்றது, ரத்துப் பதிவு ஏறவில்லை. மறுபடி போய் நின்று ஏற்றிய பிறகுதான் சான்றைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார்.