டிவி வாங்கும்போது இன்ச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள்

தீபாவளித் தள்ளுபடி முடிந்ததும் எனக்கு வரும் போன்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, புது டிவிதான். ஆனா படம் ஒரு மாதிரி மங்கலா இருக்கு. செட்டிங்ஸ்ல ஏதாவது மாத்தணுமா?" டிவி சர்வீஸும் சுவரில் மாட்டும் வேலையும் பார்க்கிறவன் நான். ரிமோட்டை வாங்கிச் சிலதைச் சரிசெய்து கொடுத்துவிடலாம். பெரும்பாலானவை பில் போட்ட நிமிடத்திலேயே தீர்மானமாகிவிட்டவை. தொழிலுக்கு வந்த புதிதில் எந்த ஸ்டிக்கர்களைப் பார்த்து நான் மயங்கினேனோ, அதே ஸ்டிக்கர்களைப் பார்த்துத்தான் இன்றைக்கும் முதல்முறை வாங்குபவர்கள் மயங்குகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சுவரை அளக்காமல் வாங்குவது, பிளக் பாயின்ட் எங்கே என்று பார்க்காதது மாதிரியான தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை எல்லாருக்கும் தெரியும். 55 இன்ச்சில் 30, 35 ஆயிரத்துக்குக் கிடைப்பதைப் பட்ஜெட் என்றும், 50 முதல் 80 ஆயிரம் வரை போவதை மிட்ரேஞ்ச் என்றும் இங்கே வைத்துக்கொள்வோம்.

அதே காசுக்குப் பெரிய திரை

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த மிச்சத்தில் ஒரு படி தரமான டிவி வாங்கியிருக்கலாம். என்னிடம் விசாரித்தவர்களில் பலர் ஒரு சைஸ் பெரிய டிவிதான் வாங்கினார்கள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. ஐம்பதாயிரம் கையில் வைத்துக்கொண்டு 55 இன்ச் மிட்ரேஞ்ச் வாங்கத்தான் கடைக்குப் போயிருக்கிறார்கள். விற்பனைப் பையன், "சார், இதே காசுக்கு 65 இன்ச்சே வருது. கியூஎல்இடி, ஹெச்டிஆர், டால்பி விஷன், எல்லாமே இருக்கு" என்றிருக்கிறான். பட்டியலில் எல்லாமே இருந்ததால் வாங்கிவிட்டார்கள். நான்தான் போய் மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் ராத்திரியே போன். "படத்துல ராத்திரி சீன் வந்தா ஒண்ணுமே தெரியலைங்க."

போய்ப் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு அதே காட்சியை ஓடவிட்டோம். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறம். மூலைகளில் மேகம் மாதிரி வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் தன் போனில் அதே காட்சியை வைத்து டிவி ஓரத்தில் பிடித்துக் காட்டினார். போனில் ஒரு தூண் தெரிந்தது, தூணுக்குப் பின்னால் ஒருவன் நிற்பது தெரிந்தது. 65 இன்ச்சில் தூணும் இல்லை, ஆளும் இல்லை. "இதுக்கா அண்ணே ஐம்பதாயிரம் கொடுத்தோம்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

நடந்தது இதுதான். எல்இடி டிவி என்று நாம் சொல்வது எல்சிடி திரைதான். அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் எரியும் எல்இடி விளக்குகள்தான் வெளிச்சம் தருகின்றன. பட்ஜெட் டிவியில் இந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாகத்தான் ஏறும், ஒன்றாகத்தான் இறங்கும். வானம் இருட்டு, நடுவில் நிலா என்று ஒரு காட்சி வந்தால், நிலாவுக்காக ஏற்றிய வெளிச்சம் இருட்டான வானத்துக்குப் பின்னாலும் எரிகிறது. திரை அதை முழுக்க மறைக்க முடியாமல் சாம்பலாகக் காட்டுகிறது. மிட்ரேஞ்சில் வரும் லோக்கல் டிம்மிங் இதைத்தான் சரிசெய்கிறது. விளக்குகளை ஸோன்களாகப் பிரித்து, நிலா இருக்கும் ஸோனை ஏற்றி மற்றதை இறக்கும். சில மாடல்களில் சில டஜன் ஸோன், பொடிப்பொடி எல்இடிகள் வைத்த நல்ல மினி எல்இடி மாடல்களில் சில நூறு. மினி எல்இடி என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. எத்தனை ஸோன் என்று கேளுங்கள்.

ஹெச்டிஆர் என்றால் பளிச்சும் இருட்டும் நிஜத்தைப் போலத் தெரியும்படி தயாரித்த படம். டால்பி விஷனும் அதில் ஒரு வகை. அந்த ஸ்டிக்கர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சிக்னல் வந்தால் டிவி வாங்கிக்கொள்ளும். அதைக் காட்டும் திராணி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஹெச்டிஆர் படங்களைத் தயாரிக்கும்போது பளிச்சென்ற இடங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வரை வைக்கிறார்கள். பட்ஜெட் டிவியின் உச்ச வெளிச்சமே 250, 300 நிட்ஸ்தான். ஆயிரத்தை முந்நூறுக்குள் அடக்கப் பார்க்கும்போது மொத்தப் படமும் இருண்டுபோகிறது. சாதாரணப் படம் தெளிவாகத் தெரிந்து, ஹெச்டிஆர் படம் மட்டும் மங்கலாகத் தெரிவது இதனால்தான். 500, 600 நிட்ஸுக்கு மேல் போகும் டிவியில்தான் ஹெச்டிஆருக்கு அர்த்தமே வருகிறது.

கியூஎல்இடியும் அப்படித்தான். பின்விளக்கின் நீல ஒளியைக் குவான்டம் டாட் படலம் சுத்தமான சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருகிறது. நிறம் நன்றாக வரும். கறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அது வேறு ஜாதி, வேறு விலை. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ரீரங்கம் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா காலையிலிருந்து ராத்திரி வரை பார்ப்பது கேபிள் சீரியல், அதுவும் எஸ்டி, அதாவது தெளிவு குறைந்த பழைய வகைச் சேனலில். எஸ்டி படம் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரை 3840க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக 20 மடங்கு. வரும் ஒவ்வொரு புள்ளியையும் டிவி தன் பிராசஸரைக் கொண்டு இருபதாக்க வேண்டும். விலை குறைந்த பிராசஸர் இதில் திணறுகிறது. எட்டடி தூரத்தில் 43 இன்ச்சில் இந்தக் குறை கண்ணில் படாது. 65 இன்ச்சில் முகமெல்லாம் மெழுகு பூசியது மாதிரி தெரியும். "பழைய டிவியே நல்லா இருந்துச்சுப்பா" என்றார் பெரியம்மா. அவர் சொன்னது சரி.

அன்று என்னால் முடிந்ததைச் செய்தேன். நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடை மாற்றினேன், செட்டாப் பாக்ஸை ஹெச்டி இணைப்புக்கு மாற்றச் சொன்னேன். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

எனக்கு இதில் கோபம் வருவது ஒரு காரணத்துக்காக. சவுண்ட் போதவில்லை என்றால் சவுண்ட்பார் வாங்கலாம். ஆப்கள் மெதுவாக ஓடினால் நாலைந்து ஆயிரத்தில் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகலாம். பின்விளக்கை மட்டும் பிறகு வாங்கிச் சேர்க்க வழியில்லை. மிட்ரேஞ்சுக்கு அதிகமாகக் கொடுக்கும் காசு முக்கியமாக அதற்குத்தான் போகிறது. அதை விட்டுவிட்டுப் பத்து இன்ச் வாங்கினால், அடுத்த ஆறேழு வருஷம் தினமும் அந்த மங்கலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எட்டடிக்குள் உட்கார்ந்து பார்க்கும் ஹாலுக்கு 55 இன்ச் தாராளம். ஆறடி என்றால் 43 போதும்.

பின்விளக்கை நூறிலேயே வைத்து ஓட்டுவது

பட்ஜெட் டிவியின் பின் மூடியைக் கழற்றி, படம் காட்டும் கண்ணாடித் திரையான பேனலை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். வெள்ளைத் தாள் ஒட்டிய தகடு, அதில் மூன்று நான்கு எல்இடி பட்டைகள், ஒவ்வொரு எல்இடி மேலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். சூட்டில் பசை விட்டு லென்ஸ் விழுந்தால் திரையில் வெள்ளையாக ஒரு பொட்டுத் தெரியும். எல்இடிகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று போனாலே மொத்த வெளிச்சமும் போகலாம். சத்தம் வருகிறது, படம் இல்லை என்று போன் வந்தால், இருட்டில் திரைக்குக் கிட்டே டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வேன். படம் லேசாக அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பட்டைதான் போயிருக்கிறது.

வெளிச்சம் குறைந்த டிவியை வாங்கிவிட்டு, பகலில் போதவில்லை என்று பேக்லைட்டை 100இல் வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். எல்இடிக்கு எமன் சூடுதான். ஜன்னலுக்குத் திரை போடுங்கள், ராத்திரியில் 50, 60க்கு இறக்குங்கள். பட்டையின் விலை பெரிதில்லை. அதை மாற்றக் கண்ணாடிப் பேனலைத் தூக்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் ரிப்பன் கேபிள் கிழிந்தாலோ பேனல் விரிசல் விட்டாலோ டிவியே போய்விடும்.

பெரிய கம்பெனி என்றாலே மிட்ரேஞ்ச் என்று நினைப்பது

பெயர் பெற்ற கம்பெனிகளும் லோக்கல் டிம்மிங் இல்லாத, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) அடிப்படை மாடல்களை விற்கின்றன. விலை மட்டும் மிட்ரேஞ்ச் பக்கம் நிற்கும். சர்வீஸுக்காகவும் சாஃப்ட்வேருக்காகவும் அந்தக் காசைக் கொடுப்பதாக இருந்தால் சரி. படத்துக்காக என்றால் மாடல் நம்பரை எடுத்து, ஸோன் உண்டா, நிட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள்.

120 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதை நம்புவது

சில பட்ஜெட் டிவிகளில் 120 ஹெர்ட்ஸ் டிஎல்ஜி என்று இருக்கும். இரண்டிரண்டு வரிகளைச் சேர்த்துப் புதுப்பித்து, செங்குத்துத் தெளிவைப் பாதியாக்கி, வேகத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். மோஷன் ரேட் என்று போட்டிருக்கும் எண்ணும் பேனலின் வேகம் அல்ல. நிஜமான 120க்குப் பயன் உண்டு: சினிமா நொடிக்கு 24 பிரேம், 120ஐ 24ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 5 வரும், 60ஐ வகுத்தால் இரண்டரை. மெதுவாகக் கேமரா நகரும் காட்சியில் வரும் அந்தச் சின்னத் துள்ளலுக்கு அதுதான் காரணம். வீட்டில் பிஎஸ்5 மாதிரி கேம் பெட்டி இருந்தால் 120 கட்டாயம் பாருங்கள், 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் வாங்கும் ஹெச்டிஎம்ஐ 2.1 எத்தனை போர்ட்டில் இருக்கிறது என்றும் கேளுங்கள். கேபிளில் கிரிக்கெட் பார்ப்பதற்கு 60 போதும்.

கடை வெளிச்சத்தில் முடிவெடுப்பது

டெமோ மோடில் எல்லா டிவியும் அழகுதான். ஹோம் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். பென் டிரைவில் ஒரு இருட்டுக் காட்சியைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள்.

பக்கவாட்டில் உட்காருகிறவர்களை மறப்பது

பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை அதிகம் வருகிறது. விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஓரத்தில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் இதற்கு நேர்மாறு. சமையலறை வாசலிலிருந்து பார்க்கிறவர்தான் உங்கள் வீட்டில் அதிகம் பார்ப்பவர் என்றால், கடையிலும் அந்தக் கோணத்தில் நின்று பாருங்கள். ஒரே மாடலில் சைஸுக்குச் சைஸ் பேனல் மாறுவதும் உண்டு.

ரேம்

2 ஜிபிக்குக் கீழே வேண்டாம்.

தேவையில்லாத வீட்டுக்கு மிட்ரேஞ்ச்

இதையும் தவறு என்றுதான் சொல்வேன். ரிட்டயரான ஒரு வாத்தியார் 75 ஆயிரத்துக்கு மினி எல்இடி பார்த்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். பார்ப்பது காலைச் செய்தி, மத்தியானம் பழைய பாட்டு, சாயங்காலம் பேரனுக்குக் கார்ட்டூன். வெளிச்சமான அறை, ஆறடி தூரம். "சார், 43 இன்ச்சில் ஒரு ஒழுங்கான பட்ஜெட் டிவி போதும். மிச்சத்தில் ஒரு சவுண்ட்பார் போடுங்க, பாட்டு கேட்க நல்லா இருக்கும்" என்றேன். ராத்திரி விளக்கணைத்து ஓடிடியில் படம் பார்க்கிறவர்களுக்கும் கேம் ஆடுகிறவர்களுக்கும்தான் மிட்ரேஞ்சின் அருமை தெரியும்.

வாரண்டி

பேனலுக்கு எத்தனை வருஷம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மாட்ட வந்தவரை அவசரமாக அனுப்பிவிடுவது

பெட்டியைப் பிரிப்பதை முழுவதும் வீடியோ எடுங்கள். சுவரில் ஏற்றுவதற்கு முன்பே டிவியை ஆன் செய்து, யூடியூபில் முழுச் சாம்பல் நிறத் திரை ஒன்றையும் முழுக் கறுப்புத் திரை ஒன்றையும் போட்டுப் பாருங்கள். கோடு, பொட்டு, மூலைக் கசிவு எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஏதாவது இருந்தால் அவர் முன்னாலேயே போட்டோ எடுத்து, அவர் கொண்டுவந்த படிவத்தில் எழுதச் சொல்லிவிட்டு, அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள்.