ட்ரோன் வாங்காமலே ட்ரோன் வரைபடம் பழகலாம்

ட்ரோன் வரைபட வேலை கற்க முதலில் ட்ரோன் வாங்க வேண்டியதில்லை. பிறர் பறக்கவிட்டு எடுத்த படங்கள் ஓப்பன் ஏரியல் மேப் என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தான்சானியாவின் சான்சிபார் தீவுகளைத் தேடுங்கள். 2016-இல் தொடங்கிய திட்டத்தில் உள்ளூர் மாணவர்களும் சேர்ந்து எடுத்த படங்கள் அவை. கூரை கூரையாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம்! அதே நாட்டின் தார் எஸ் சலாம் நகரில் இத்தகைய படங்களை வைத்துத்தான் வெள்ளம் புகும் குடியிருப்புகளை யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வரைந்தார்கள்.

ஜியோடிஃப் கோப்பை (இருப்பிடத் தகவலும் சேர்ந்த படக் கோப்பு) இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து ஒரு தெருவை வரைந்து பாருங்கள். உயரத் தரவும் கிடைத்தால் கவனம்: டிஎஸ்எம் எனும் மேற்பரப்பு உயரத் தரவில் மரம், கூரையின் உயரமும் சேர்ந்திருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க, தரை உயரம் மட்டும் உள்ள டிடிஎம் எனும் தரவுதான் வேண்டும். படத்தைப் பயன்படுத்தினால் எடுத்தவர் பெயரைப் போட மறக்காதீர்கள். உரிமத்தின் நிபந்தனையே அதுதான்.