மணிக்குச் சால்னாவை நிறுத்தினோம்

எங்கள் சிப்பிப்பாறை நாய் மணி திடீரென்று சோர்ந்து படுத்துவிட்டான். ஈறு வெளுத்திருந்தது, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது: "வெங்காயம் சேர்ந்தது ஏதாவது சாப்பிடுகிறானா?"

விசாரித்தால், செல்லூரில் எங்கள் தெருமுனைப் பரோட்டா கடையில் ராத்திரி மிஞ்சும் சால்னா இவனுக்குத்தான். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அறிகுறி சில நாள் கழித்தே தெரிவதால் சாப்பாட்டின் மேல் சந்தேகமே வராது.

சிகிச்சையோடு வீட்டுச் சாப்பாட்டையும் மாற்றினோம். குழம்பு தாளிக்கும் முன்பே நாலு துண்டு கோழிக்கறியை எடுத்து, உப்பு, மசாலா எதுவும் போடாமல் தனிச் சட்டியில் வேகவைக்கிறோம். எலும்பை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டுச் சோற்றில் பிசைவோம். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். கூடவே அவித்த பூசணி, கேரட், சில நாள் முட்டை.

கம்பம் திராட்சை வாங்கினால் கீழே சிந்தியதைப் பொறுக்கிவிடுங்கள். பாயசத்து உலர்திராட்சையும் சேர்த்துத்தான், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். சாக்லேட்டும் கூடாது.

அப்புறம் பரோட்டா மாஸ்டரிடமும் விஷயத்தைச் சொன்னேன். "சரிண்ணே, இனி எந்த நாய்க்கும் ஊத்த மாட்டேன்" என்றார்.