கடைக் கொள்ளை வழக்கு: சாட்சி விசாரணைக்கு முன் போட வேண்டிய மனுக்கள்

கும்பகோணத்தில் நகைக்கடை, பாபநாசத்தில் செல்போன் கடை, வலங்கைமானில் மளிகைக்கடை. மூன்றிலும் அரிவாளைக் காட்டிப் பணம் பறித்ததாக ஒரே ஆளைப் பிடித்தார்கள், அவருக்கு நீங்கள் வக்கீல் என்று வைத்துக்கொள்வோம். மூன்று எஃப்.ஐ.ஆர்., மூன்று குற்ற எண். முதல் வேலை, ஒவ்வொரு குற்ற எண்ணுக்கும் தனித்தனியாக ஒரு தாள் எடுத்து ரிமாண்ட் தேதியை எழுதுவது. இரண்டாவது, மூன்றாவது வழக்குகளில் பி.டி. வாரண்டில் (ஏற்கெனவே சிறையில் இருப்பவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் உத்தரவு) ஆஜர்படுத்தி ரிமாண்ட் செய்த நாளிலிருந்துதான் அந்தந்தக் கணக்கு ஓடும்.

கட்டாய ஜாமீன் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 187(3)-இன்படி 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். கொள்ளையின்போது காயம் ஏற்படுத்தியதாக பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 309(6) போட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகும், ஆகவே 90. காயமில்லாத வெறும் கொள்ளை, அதாவது 309(4) என்றால் உச்ச தண்டனை 10 ஆண்டு. பழைய சட்டத்தில் இதற்கு 60 நாள் என்று 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டத்தின் வாசகம் மாறியிருப்பதால் அரசுத் தரப்பு 90 என்று வாதாடும். 61-ஆம் நாளே மனுப் போடுங்கள், தள்ளுபடியானால் 91-ஆம் நாள் மறுபடியும் போடுங்கள். குற்றப்பத்திரிகை வந்த பிறகு போட்டால் உரிமை போய்விடும். மூன்றில் ஒன்றில் மட்டும் ஜாமீன் வாங்கினால் ஆள் வெளியே வர மாட்டார்.

பலரை வரிசையில் நிறுத்தி சாட்சியை ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பில்தான் பல வழக்குகள் நிற்கும் அல்லது விழும். பிடிபட்டவரின் படம் நாளிதழிலும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிட்டாலோ, கடைக்காரருக்கு ஸ்டேஷனிலேயே ஆளைக் காட்டிவிட்டாலோ, அணிவகுப்பின் மதிப்பு குறையும். அதை ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பதிவு செய்யவைக்க வேண்டும். படம் வந்த நாளிதழைத் தேதியோடு எடுத்து வையுங்கள். கட்சிக்காரர் அணிவகுப்புக்கு மறுப்பது பெரும்பாலும் நல்லதல்ல, அதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

சிசிடிவிக்கு அவசரம் வேண்டும். கடையின் பதிவுக் கருவியான டி.வி.ஆரில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும், பல இடங்களில் சில வாரங்களே தாங்கும். சம்பவ நேரத்தில் கட்சிக்காரர் வேறிடத்தில் இருந்தார் என்றால் அந்த இடத்துப் பதிவையும் அழைப்பு விவரத்தையும் பாதுகாக்கக் கோரி உடனே மனு போடுங்கள். குற்றப்பத்திரிகையோடு பென்டிரைவ் வந்தால், மின்னணுப் பதிவுக்கான புதிய சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழ் இரண்டு பகுதியும் நிரப்பி, ஹேஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) இருக்கிறதா என்று பாருங்கள்.

பி.என்.எஸ்.எஸ். பிரிவு 230-இன்படி குற்றப்பத்திரிகை, ஆவண நகல்கள் ஆஜரான 14 நாளுக்குள் வர வேண்டும். பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் பறிமுதல் மகஜரில் அரிவாள் எங்கே, யார் காட்டி எடுத்தார்கள் என்பதைப் படியுங்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தில் பொருள் கண்டெடுக்க வழிவிட்ட பகுதி மட்டுமே செல்லும். போலீஸ் சேகரித்தும் வழக்குக்கு ஆதாரமாகக் காட்டாமல் விட்ட ஆவணங்களின் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். 2021 உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல்படி அதைத் தர வேண்டும்.

விசாரணைக்கு முன்பே விடுவிக்கக் கோரும் விடுவிப்பு மனுவால் முழு வழக்கும் போய்விடும் என்று கட்சிக்காரரிடம் ஆசை காட்ட வேண்டாம். இந்தக் கட்டத்தில் போலீஸ் ஆவணங்களை மட்டுமே கோர்ட் பார்க்கும். ஆனால் சில பிரிவுகளிலிருந்து மட்டும் விடுபடும் பகுதி விடுவிப்பு அருமையான ஆயுதம். குறைந்தது 7 ஆண்டு தண்டனை தரும் பி.என்.எஸ். பிரிவு 311, ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கே பொருந்தும் (உச்ச நீதிமன்றத்தின் பூல் குமார் தீர்ப்பு, 1975). வெளியே பைக்கில் காத்திருந்தவர்மேலும் அதைப் போட்டிருந்தால் எதிர்க்கலாம். கத்தியை வெளியே தெரியப் பிடித்து மிரட்டியதும் பயன்படுத்தியதுதான் என்று அதே தீர்ப்பு சொல்கிறது, உள்ளே போனவருக்கு இந்த வாதம் எடுபடாது. 311 வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குரியது, கமிட்டல் (மாஜிஸ்திரேட் வழக்கை செஷன்ஸுக்கு அனுப்புவது) நாளிலிருந்து 60 நாளுக்குள் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 250-இல் விடுவிப்பு மனு போட வேண்டும்.

ஒரே ரகக் குற்றங்கள், ஓராண்டுக்குள், ஐந்து வரை என்றால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 242-இல் சேர்த்து விசாரிக்கலாம். ஒரு வழக்கில் சாட்சி வலுவாகவும் மற்றவற்றில் பலவீனமாகவும் இருந்தால் சேர்ப்பை எதிர்ப்பதே புத்திசாலித்தனம், வலுவானது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

செஷன்ஸ் கோர்ட் விடுவிப்பு மனுவைத் தள்ளினால் அன்றே நகல் மனு போடுங்கள், உயர் நீதிமன்றத்தில் சீராய்வுக்கு 90 நாள். தஞ்சாவூர் மாவட்ட வழக்கு மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்குகள் சென்னைக்கு. ஆகவே திருவாரூர் மாவட்டத்து வலங்கைமான் வழக்குக்கு மட்டும் வேறு வக்காலத்து, வேறு ரயில்.