தொண்டைக் கட்டுதானே என்று விடாதீர்கள்: குரல் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் குரல் கட்டிக்கொண்டால் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. வீட்டில் மிளகு ரசம், பனங்கற்கண்டு, அதிமதுரம். பசார் பக்கம் போனால் சீன மருந்துக்கடை. அதிலும் கேட்காவிட்டால் தனியார் கிளினிக்கில் மூன்று வகை மாத்திரை. சளிக் காய்ச்சலோடு வந்த தொண்டைக் கட்டாக இருந்தால் இதில் எதைச் செய்தாலும் சரி, ஒன்றுமே செய்யாமல் குரலுக்கு ஓய்வு கொடுத்தாலும் சரி, ஒன்றிரண்டு வாரத்தில் பழைய குரல் வந்துவிடும். கவலைப்பட வேண்டியது திரும்பி வராத குரலைப் பற்றித்தான். அந்தக் குரலுக்கு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்காமல் மாதங்களை ஓட்டுவதுதான் நம் ஊரில் நான் பார்க்கும் பெரிய தவறு.

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு 100 தடவைக்கு மேல், பெண்களுக்கு ஏறக்குறைய 200 தடவை அவை அதிர்கின்றன. அவ்வளவு வேகமாக அதிரும் இடத்தில் ஓரிரு மில்லிமீட்டர் தடிப்பு வந்தாலே சத்தம் மாறிவிடும். குரல் நாணில் புற்றுநோய் தொடங்கினால் அது முதலில் பேச்சில் தெரிவது இதனால்தான். நமக்குச் சாதகமான இன்னொரு விஷயமும் உண்டு. குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் அங்கே வரும் கட்டி கழுத்துக்குப் பரவ நாளாகும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் லேசர் ஆப்பரேஷன் அல்லது கதிர்வீச்சு, இரண்டில் ஒன்றே போதும். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குக் கட்டி அதோடு அடங்கிவிடுகிறது. இவ்வளவு சீக்கிரம் அடையாளம் காட்டும் புற்றுநோய்கள் அதிகமில்லை. அந்த அடையாளத்தைத்தான் நாம் "உடம்புச் சூடு" என்று சொல்லி இளநீரோடு சேர்த்து விழுங்கிவிடுகிறோம்.

சரி, எவ்வளவு நாள் பார்க்கலாம்? அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2009-இல் கொடுத்த வழிகாட்டியில் 3 மாதம் என்று இருந்தது. 2018-இல் அதைத் திருத்தி 4 வாரமாகக் குறைத்தார்கள். 4 வாரத்தில் தீராத, குறையவும் செய்யாத கரகரப்பு என்றால் குரல்வளையை நேரில் பார்த்தாக வேண்டும். பிரிட்டனில் 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் காரணம் தெரியாமல் குரல் கட்டியே இருந்தால், புற்றுநோய் இருக்குமோ என்று கருதி அவசரப் பட்டியலில் அனுப்பச் சொல்கிறார்கள்.

சிலர் அந்த 4 வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சிகரெட் பிடிப்பவர்கள், தினமும் குடிப்பவர்கள், கழுத்தில் கட்டி தட்டுப்படுபவர்கள், எச்சிலில் ரத்தம் பார்த்தவர்கள், விழுங்கினால் வலிப்பவர்கள், காரணமில்லாமல் இளைத்தவர்கள் உடனே போக வேண்டும். சிகரெட்டும் குடியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. கழுத்திலோ நெஞ்சிலோ ஆப்பரேஷன் முடிந்து குரல் மாறியவர்களும் இந்த வரிசையில் வருவார்கள். குரல் நாணை அசைக்கும் நரம்பு தைராய்டை ஒட்டி ஓடுகிறது. இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. அதனால் நுரையீரலில் வந்த கட்டிகூடச் சில பேருக்கு முதலில் கம்மிய குரலாகத்தான் வெளியே தெரியும்.

தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களிடம் "என்னக்கா, குரல் இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டால், "மருந்து நெடிதான், வேற என்ன" என்பார்கள். நெடி தொண்டையை உறுத்தும் என்பது உண்மை. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி தடை செய்யப்பட்டது, ஆனால் செம்பனைக் காட்டில் மற்ற களைக்கொல்லிகள் அடிப்பது நிற்கவில்லை. நெடியால் வந்த கரகரப்பு என்றால், சில நாள் அந்த வேலையிலிருந்து விலகியதும் குறைய வேண்டும். விலகியும் குறையவில்லை என்றால் பழியை நெடியின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஃபேக்டரியில் ஆசிட் பக்கம் வேலை செய்தவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கந்தக அமிலத் துளிகள் கலந்த காற்றை நெடுங்காலம் சுவாசிப்பது குரல்வளைப் புற்றுநோய்க்கு உறுதியான காரணங்களில் ஒன்று என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு எல்லோரும் சொல்லும் காரணம் நாள் சம்பளம். ஈப்போவுக்குப் போய்வந்தால் ஒரு நாள் வேலை போகும் என்பது நிஜம்தான். அதை நான் லேசாகப் பேசவில்லை. ஆனால் அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்), அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரியின் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. தனியார் கிளினிக்கில் நாலு தடவை வாங்கும் மாத்திரைக் காசுக்கு இது எவ்வளவோ குறைவு. இந்தக் கடிதத்தில்தான் இன்னொரு தவறு நடக்கிறது. கிளினிக்கில் "தொண்டை சரியில்ல" என்று மட்டும் சொன்னால் கடிதத்திலும் அதுதான் ஏறும், தேதியும் தள்ளித்தான் கிடைக்கும். "தீபாவளிக்கு முந்தின வாரத்திலிருந்து குரல் மாறியிருக்கு, ஒரு நாள்கூடப் பழைய குரல் வரல, முப்பது வருசமா சிகரெட் பிடிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் கடிதத்தை முதலில் எடுப்பது என்று முடிவு செய்பவருக்கு அந்த மூன்று தகவலும் போதும்.

இனி மாத்திரைகள். சளியோடு வரும் குரல் கட்டு பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. பென்சிலின் கொடுத்தும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தும் ஒப்பிட்ட ஆய்வில் குரல் திரும்புவதில் வித்தியாசமே இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை இதைவிடச் சிக்கலானது. வீக்கம் வற்றி, குரல் நாலு நாள் நன்றாக இருக்கும். "கேட்டுடுச்சு" என்று திருப்தியாக இருந்துவிடுவோம். அடியில் இருப்பது அப்படியே இருக்கும். குரல்வளையில் காசநோய் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். காசநோய் குரல்வளையில் வந்தால் பார்வைக்குப் புற்றுநோய் போலவே இருக்கும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் எளிதில் தொற்றும். லயத்து வீட்டில் ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

கேஸ்ட்ரிக் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது, அடிக்கடி கனைக்கத் தோன்றுகிறது, குரல் கரகரக்கிறது என்றால் "ஆசிட் மேலே ஏறுது" என்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பது உலகம் முழுக்க வழக்கம். பிரிட்டனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தொண்டைத் தொந்தரவு நீண்ட நாளாக உள்ள 346 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லான்சோப்ரசோல் 30 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மறுபாதிக்கு அதே போலத் தோற்றமுள்ள வெற்று மாத்திரை. 16 வாரம் கழித்து இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் குணம் தெரிந்தது. முடிவு 2021-இல் வெளிவந்தது. நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு அந்த மாத்திரை நல்ல மருந்து, அதில் மாற்றுக் கருத்து இல்லை. நெஞ்செரிச்சலே இல்லாதவருக்கு வெறும் குரல் கட்டுக்காக மாதக்கணக்கில் கொடுப்பதுதான் கூடாது. மாத்திரைக் காசுகூடப் பரவாயில்லை. அந்த 16 வாரத்தில் சிறிய கட்டி பெரிய கட்டியாகிவிடலாம்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்களுக்கு அதனாலேயே குரல் கட்டலாம், தொண்டையில் வெள்ளை பூஞ்சையும் படரலாம். ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெருமளவு குறையும். பயந்துபோய் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு பக்கக் காது மட்டும் நாள்கணக்கில் வலிக்கிறது, ஆனால் காதுக்குள் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது என்றால் தொண்டையைப் பார்க்க வேண்டும். குரல்வளைக்குப் போகும் அதே நரம்பின் ஒரு கிளை காதுக்கும் போகிறது. தொண்டையில் இருக்கும் புண் காதில் வலிக்கும். நம் வீடுகளில் இதற்கு எண்ணெய் காய்ச்சிக் காதில் விடுகிறார்கள். குரல் நாணுக்கு மேலே வரும் கட்டிகளுக்குக் கரகரப்பு தாமதமாகத்தான் வரும். காது வலி, விழுங்கும்போது உறுத்தல், கழுத்தில் நெறி கட்டுவது ஆகியவைதான் அங்கே முதல் அறிகுறிகள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை விடும்போது விசில் சத்தம் கேட்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்தால், அதிலும் குரலும் கம்மியிருந்தால், அடைப்பு குரல்வளைப் பக்கம் இருக்கலாம். குரல் நாணில் மரு போல வளரும் நோயை ஆஸ்துமா என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. குழந்தையோ பெரியவரோ, மூச்சை இழுக்கவே சிரமப்பட்டால் கிளினிக்கில் வரிசையில் உட்காராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் கோவிலில் பாடுபவர்களுக்கும் வேறு ஒரு தொல்லை. இடைவிடாமல் சத்தமாகப் பேசிப் பேசிக் குரல் நாணில் இரண்டு பக்கமும் காய்ப்பு வந்துவிடும். இதற்கு முதல் வைத்தியம் கத்தி கிடையாது, பேச்சுப் பயிற்சி. வெட்டி எடுத்துவிட்டுப் பழையபடியே கத்தினால் காய்ப்பும் பழையபடியே வரும். குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுப்பதும் தவறு. 2006-இல் 100 நோயாளிகளுக்கு ஸ்கோப் வைத்துப் பார்த்ததில், கிசுகிசுக்கும்போது 69 பேருக்குக் குரல்வளைத் தசைகள் இன்னும் அதிகமாக இறுகின. மெதுவான, இயல்பான குரலில் பேசுங்கள், இல்லையென்றால் பேசாமல் இருங்கள்.

ஸ்கோப் என்றதும் பயந்து தேதியைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். அதில் நடப்பது இவ்வளவுதான். நாற்காலியில் உட்கார வைத்து மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்பார்கள். அது கொஞ்சம் கசந்துகொண்டு தொண்டைக்கு இறங்கும். பிறகு மெல்லிய, வளையும் குழாய் ஒன்று மூக்கு வழியாகப் போகும். மூக்கின் வளைவில் ஓர் அழுத்தம், கண்ணில் கொஞ்சம் தண்ணீர். "ஈ..." என்று இழுத்துச் சொல்லச் சொல்வார்கள், திரையில் இரண்டு வெள்ளை நாண்கள் சேர்ந்து பிரிவதை நீங்களே பார்க்கலாம். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். 1854-இல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் சின்னக் கண்ணாடிகளையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல் நாணைத் தானே பார்த்தார். இன்றும் குரல்வளையை நேரில் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. முதலிலேயே சிடி ஸ்கேன் எடுத்துவிடலாம் என்பதும் தப்பு, ஸ்கோப்புக்குப் பிறகுதான் ஸ்கேன்.

"கத்தி பட்டா பரவிடும்" என்று சொல்லி பயாப்ஸியைத் தடுப்பவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். குரல்வளையில் சிறு துணுக்கு எடுப்பதால் புற்றுநோய் பரவுவதில்லை. அந்தத் துணுக்கு இல்லாமல் அது புற்றுநோயா காசநோயா சாதாரணத் தடிப்பா என்று சொல்லவும் முடியாது. பயாப்ஸிக்குப் பிறகு நோய் முற்றியவர்களைப் பார்த்து வந்த பேச்சு இது. பெரும்பாலும் அவர்கள் தாமதமாக வந்தவர்கள்.

அடுத்த பயம், குரல்வளையையே எடுத்துவிடுவார்கள் என்பது. 1873-இல் வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் முதல்முதலாகப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்தார். அதற்குப் பின் நூறு வருடத்துக்கு மேல், முற்றிய நோய்க்கு அதுதான் வழி. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளில் 332 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1991-இல் அதை மாற்றியது. பாதிப் பேருக்கு ஆப்பரேஷனும் கதிர்வீச்சும், மறுபாதிக்கு முதலில் கீமோ, அப்புறம் கதிர்வீச்சு. 2 வருடம் கழித்து இரண்டு பக்கமும் 68 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோ பக்கத்தில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பியது. எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி குருத்தெலும்பைத் தாண்டியிருந்தால் ஆப்பரேஷன்தான் நல்லது என்று டாக்டர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் கேளுங்கள். குரல்வளை போன பிறகும் பேச வழி இருக்கிறது. 1980-இலிருந்து, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்ன வால்வு வைத்துப் பேச வைக்கிறார்கள்.

வைத்தியம் நடக்கும்போது சிகரெட்டைத் தொடராதீர்கள். "வந்தது வந்துடுச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது" என்பது தவறான கணக்கு. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களைப் பற்றி 1993-இல் வந்த ஆய்வில், புகைத்துக்கொண்டே சிகிச்சை எடுத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுதாகக் கரைந்தது. விட்டவர்களிலும் பழக்கமே இல்லாதவர்களிலும் அது 74 சதவீதம்.

குரல்வளையை முழுதாக எடுத்த ஒருவர் வீட்டில் இருந்தால் குடும்பத்தில் எல்லோரும் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவருக்கு மூச்சு கழுத்தில் உள்ள துளை வழியாக மட்டும்தான் போகும், வாயும் மூக்கும் நுரையீரலோடு தொடர்பில் இல்லை. அந்தத் துளையைத் துண்டால் இறுக்கி மூடக் கூடாது. குளிக்கும்போது தண்ணீர் போகாமல் மறைப்பு வேண்டும், ஆற்றில் இறங்கவே கூடாது. அவர் மயங்கி விழுந்தால் வருகிறவர்கள் பழக்கத்தில் வாயில் மாஸ்க் வைப்பார்கள், அதனால் பயனில்லை. 999-ஐ அழைக்கும்போதே "இவர் கழுத்து வழியா மூச்சு விடுறவர்" என்று சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் வந்ததும் சட்டைக் காலரை விலக்கித் துளையைக் காட்டி, ஆக்சிஜனை அங்கே வைக்கச் சொல்லுங்கள்.