இரண்டு பொருள் தரும் வாக்கியம்: எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடியிருக்கிறார். அதில் வரும் 'பிண்ணாக்கு' எள்ளை ஆட்டியபின் மிஞ்சுவது. பாம்புக்கோ அது பிளந்த நாக்கு. இரண்டையும் அவர் தெரிந்தே வைத்தார், அதனால் அது சிலேடை. நாம் எழுதும் அறிவிப்பிலோ செய்தியிலோ நாம் நினைக்காத இரண்டாவது பொருள் வந்து உட்கார்ந்துகொண்டால், அது வெறும் குழப்பம்.

இரண்டு சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப் என்னும் ஒற்றெழுத்தை அலட்சியம் செய்வதுதான் இதில் பெரிய தவறு. கடைப் பலகையில் 'கீரை கடை' என்று எழுதினால், மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்கிறோம் என்றும் படிக்கலாம். விற்கும் இடம் என்றால் 'கீரைக்கடை'. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. சரி, எல்லா இடத்திலும் ஒற்றைப் போட்டுவிட்டால் தப்பித்துவிடலாமா? அதுவும் ஆகாது. 'வேலை தேடுகிறான்' என்றால் பிழைப்புக்கு வழி பார்க்கிறான். 'வேலைத் தேடுகிறான்' என்றால் முருகன் கையில் இருக்குமே, அந்த வேலைத் தேடுகிறான்! பிழைதிருத்தி மென்பொருளை மட்டும் நம்ப வேண்டாம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரியான சொற்கள்தான். பேச்சில் குரலும் நிறுத்தமும் பொருளைக் காட்டிவிடும். எழுத்தில் அந்த வேலையை ஒற்றுதான் செய்கிறது.

அடுத்தது 'ஐ' போன்ற வேற்றுமை உருபை விழுங்குவது. 'புலி கொன்ற யானை' என்று தலைப்பு வைத்தால் செத்தது எது? இது பழைய சிக்கல். தொல்காப்பிய உரையாசிரியர்கள் 'புலி கொல் யானை' என்ற தொடரையே எடுத்துக்காட்டி, பின்னால் வரும் சொல்லை வைத்துப் பொருள் அறியச் சொல்கிறார்கள். யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் செத்தது புலி. யானையின் கொம்பு வந்தது என்று தொடர்ந்தால் செத்தது யானை. செய்தித் தலைப்புக்கோ பின்னால் சொல்லே கிடையாது. 'புலியைக் கொன்ற யானை', 'யானையைக் கொன்ற புலி' என்று உருபோடு எழுதினால் தீர்ந்தது. இடமில்லை என்பதெல்லாம் சாக்குதான், கூடுவது இரண்டு எழுத்து.

அடைமொழியை எங்கே வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 'புதிய மாணவர் விடுதி' என்றால் புதியவர்கள் மாணவர்களா, புதியது விடுதியா? கட்டடத்தைச் சொல்ல வந்தால் 'மாணவர்களுக்கான புதிய விடுதி' என்று எழுதுங்கள். அப்புறம் இந்த 'அவர்'. 'மேலாளர் ஆசிரியரைச் சந்தித்தபோது அவர் கோபமாக இருந்தார்' என்பதில் கோபம் யாருக்கு? அந்த இடத்தில் கூச்சப்படாமல் 'ஆசிரியர்' என்றே இன்னொரு முறை எழுதிவிடலாம்.