குனியப் பயமா? நீடித்த நாரி நோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாரி நோவு, அதாவது கீழ்முதுகு வலி, மூன்று மாதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை நீடித்த நோவு என்கிறார்கள். திருகோணமலையில் இதோடு வாழ்கிறவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். தம்பலகாமத்து வயல்காரர், கரைவலை இழுக்கிறவர்கள், மூதூர் ரோட்டில் ஓட்டோ ஓட்டுகிறவர்கள், நாள் முழுக்கக் கதிரையில் இருந்து கணக்குப் பார்க்கிறவர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். நோவு கொஞ்சம் தணிந்த பிறகும் இவர்களில் பலர் பழையபடி நடமாடுவதில்லை. "குனிந்தால் திரும்பப் பிடித்துவிடும்" என்ற பயம் கட்டிப்போடுகிறது. முதலில் தண்ணி வாளி தூக்குவதை விடுகிறார்கள், அடுத்து முற்றம் கூட்டுவதை, அப்புறம் கோணேசர் கோயிலுக்கு ஏறுவதை. ஒரு வருடத்தில் கட்டிலும் கதிரையும்தான் மிச்சம்.

இது கோழைத்தனமும் இல்லை, சோம்பலும் இல்லை. உயிர் போகிற மாதிரி ஒருமுறை பிடித்தவருக்கு அந்த அசைவைப் பார்த்துப் பயம் வருவது இயல்பு. இந்தப் பயத்தை அளப்பதற்கென்றே டம்பா அளவுகோல் என்று 17 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று மருத்துவத்தில் இருக்கிறது. பயம் கூடக்கூட அசைவு குறைகிறது, அசைவு குறையக்குறைய தசை பலவீனமாகி நோவு கூடுகிறது, கூடிய நோவு பயத்தை இன்னும் வளர்க்கிறது. இந்தச் சுழலை நாம் தெரியாமல் செய்கிற சில தவறுகள் இறுக்கிவிடுகின்றன.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தவறு, நோகிறதென்றால் உள்ளே ஏதோ பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று நம்புவது. புதிதாக ஏற்பட்ட காயத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். மாதக்கணக்கில் நீடித்த நோவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. திசுக்கள் ஆறின பிறகும் நரம்பு மண்டலம் உசார் நிலையிலேயே நிற்கலாம். ஒருமுறை கள்ளன் புகுந்த வீட்டு நாய், அதற்குப் பிறகு பால்காரருக்கும் விடாமல் குரைக்கிற மாதிரி. குரைப்பு உண்மைதான், நோவும் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு குரைப்புக்கும் கள்ளன் வந்திருக்கிறான் என்று கதவைப் பூட்டிக்கொண்டிருக்க முடியாது.

ஸ்கேன் அறிக்கை இந்த நம்பிக்கைக்கு முத்திரை குத்திவிடுகிறது. "தட்டு விலகியிருக்கு", "எலும்பு தேய்ஞ்சிருக்கு" என்று கேட்ட நாளிலிருந்து தன் நாரியைக் கண்ணாடிச் சாமானாக நினைத்து நடக்கிறவர்கள் எத்தனையோ பேர். நாரி நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. 20 வயதுக்காரரில் 37 சதவீதத்தினருக்கும் 50 வயதுக்காரரில் 80 சதவீதத்தினருக்கும் தட்டுத் தேய்வு, அதாவது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளில் தேய்வு, இருந்தது. 50 வயதில் 60 சதவீதத்தினருக்குத் தட்டுப் புடைப்பும் இருந்தது. அவர்களில் யாருக்கும் நோவு இல்லை. நரை விழுவதைப்போல வயதோடு வருகிற மாற்றங்களே இவற்றில் அதிகம். அறிக்கையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் உங்கள் நோவுக்குக் காரணமாக எடுக்க வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது, நோவு முழுக்கப் போன பிறகுதான் எழும்புவேன் என்று படுத்திருப்பது. பிடித்த முதல் ஒன்றிரண்டு நாள் கொஞ்சம் ஓய்வு எடுத்தால் சரி. வாரக்கணக்கில் படுத்தால் தசை மெலியும், மூட்டுகள் இறுகும், உற்சாகமும் கெடும். முழுமையான படுக்கை ஓய்வைவிட இயன்ற அளவு வழக்கமான வேலைகளைத் தொடர்கிறவர்கள் விரைவாகத் தேறுகிறார்கள் என்பது 1990களிலிருந்தே தெரிந்த விஷயம்.

வீட்டாரின் அன்பு இதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை நாம் பேசுவதே இல்லை. கன்னியா வெந்நீரூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாரி நோவுக்காரரை வான் வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போவார்கள். வெந்நீர் இதமானது, இறுகின தசை தளரும், அதில் பிழையே இல்லை. ஆனால் கிணற்றடியில் அவரை அசையவிட மாட்டார்கள். "அப்பா, நீங்க குனியாதேங்கோ, நான் வார்க்கிறன்" என்று மகன் அள்ளி ஊற்றுவான். சூட்டில் தசை தளர்ந்திருக்கிற அந்த நேரம்தான் குனிந்து பார்க்க மிக நல்ல நேரம்! பாதி வாளித் தண்ணீரை அவரே ஒரு தடவை அள்ளி வார்த்திருந்தால், தன்னால் ஏலும் என்பதை அவருடைய உடம்பே அறிந்திருக்கும். குசினியில் தேங்காய் திருவுகிற அம்மாவைத் திருவலையிலிருந்து எழுப்புவதும் இதே கதைதான். "கவனம், கவனம்" என்று ஒரு நாளில் பத்துத் தடவை கேட்கிறவர், தன் நாரி உடையப்போகிறது என்றுதான் நம்புவார். "எந்தளவு செய்யலாம் என்று நினைக்கிறீங்கள்? நான் பக்கத்தில நிக்கிறன்" என்று கேட்டுப் பாருங்கள். அதற்காக "ஒண்டுமில்லை, சும்மா பயப்படுறீங்கள்" என்று அதட்டவும் வேண்டாம். நோவை நம்பாத வீட்டில் பயம் குறையாது.

குனியும்போது மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, முதுகைப் பலகை மாதிரி வைத்துக்கொள்வதையும் கவனியுங்கள். காப்பாற்றிக்கொள்வதாக நினைத்துச் செய்கிற இந்த இறுக்கமே தசைகளைக் களைக்க வைத்து உளைவைக் கூட்டும். மூச்சை விட்டபடி, முதுகை வளைய விட்டுக் குனியுங்கள். முள்ளந்தண்டு வளைவதற்காகவே அமைந்தது. எந்நேரமும் நாரியைத் தாங்குவதற்கென்று இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு திரிவதும் நல்லதல்ல. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, நீடித்த நாரி நோவுக்குப் பெல்ட்டைப் பரிந்துரைக்கவில்லை.

இன்னொரு பக்கத் தவறும் உண்டு. நோவு குறைந்த ஒரு நாளில், விட்டுப்போன வேலையெல்லாவற்றையும் சேர்த்துச் செய்வது. பொங்கலுக்கு வீடு கழுவுகிற நாளில் இது கட்டாயம் நடக்கும். மறுநாள் எழும்ப ஏலாது. "பார்த்தீங்களா, நான் சொன்னன்தானே" என்று பயம் வென்றுவிடும். நல்ல நாளிலும் மோசமான நாளிலும் ஏறத்தாழ ஒரே அளவு செய்வதே வழி. பயப்படுகிற வேலைகளை, பயம் குறைந்ததிலிருந்து கூடியது வரை எழுதுங்கள். குனிந்து செருப்புப் போடுவது, கீழே கிடக்கிற தேங்காயை எடுப்பது, முற்றத்தில் ஒரு மூலையைக் கூட்டுவது, நிறைந்த வாளி தூக்குவது என்று. முதலாவதைத் தினமும் செய்யுங்கள். பயம் விட்ட பிறகு அடுத்ததுக்குப் போங்கள். அளவை நோவிடம் கேட்காமல் நேரத்தை வைத்தோ எண்ணிக்கையை வைத்தோ முன்கூட்டியே தீர்மானியுங்கள். செய்த பிறகு கொஞ்சம் உளைந்து ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேல் நீடித்தால் அளவைக் குறைத்துத் தொடருங்கள், நிறுத்த வேண்டாம்.

நடைக்கு நம் ஊரைப்போல் வசதி எங்கே இருக்கிறது? டச்சு பே கடற்கரை ஓரமாகச் சமதரையில் பத்து நிமிடத்தோடு தொடங்கலாம். பிறகு கோட்டை வாசல் வரை, அதற்குப் பிறகு மான்கள் நிற்கிற நிழல் வரை, கடைசியில் கோயில் ஏற்றம். அவுஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, நாரி நோவிலிருந்து அண்மையில் மீண்டவர்களைப் பார்த்தது. இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்ட்) ஆலோசனையோடு படிப்படியாக நடந்தவர்களுக்கு நோவு திரும்ப வர நடுக்கணக்கில், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருகிறவருக்கு, 208 நாள் எடுத்தது. சிகிச்சை எதுவும் பெறாதவர்களுக்கு 112 நாள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒன்று. சிறுநீர் போக முடியாமை அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, மலக்கட்டுப்பாடு இழப்பது, மலவாசலையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழந்துகொண்டே போவது ஆகியவை அவசரம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது, நீண்ட காலம் ஸ்டீரொயிட் மருந்து எடுத்தது என்றாலும் முதலில் மருத்துவர் பார்க்கட்டும். கிளினிக்கில் ஸ்கேன் எழுதித் தாருங்கள் என்று கேட்பதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "ஆபத்தான காரணம் ஏதும் இருக்கிறதா? இல்லையென்றால் எந்த வேலைகளை இன்றே தொடங்கலாம்?" இரண்டாவதற்கு இயன்மருத்துவப் பிரிவுக்கு ஒரு பரிந்துரைத் துண்டு வாங்கிக்கொண்டு, நீங்கள் எழுதிய பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.